ஒற்றைச் சரி

மட்டக்குளி,
கொழும்பு 15.
ஜனவரி 8

அன்புள்ள ஜொனாதன் தம்பிக்கு,

நானும் மகள் ரொஷேலும் ஆண்டவர் தயவில் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மெல்பேர்னில் நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க மாதா துணை நிற்கட்டும்.

நீங்கள் செய்த ‘கூப்பிடு’ செயலியைப் பாவிக்கிற எல்லோருக்கும் அனுப்பிய பன்னிரண்டு கேள்விகள் எனக்கும் வந்தன. பாவிக்க இலகுவா, எதைத் திருத்த வேண்டும், ஐந்தில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருந்தது. பட்டியலில் என் பெயர் இருந்ததால் தானாக வந்துவிட்டது என்று நீங்கள் போனில் மன்னிப்புக் கேட்டதாக ரொஷேல் சொன்னாள். மன்னிப்பு எதற்கு? பதினெட்டு வருஷமாகக் கார்மன்டில் தைத்து வருகிற சட்டைகளில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். பிழை கேட்டால் சொல்லாமல் இருக்க மாட்டேன். நட்சத்திரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். போனில் பேசத் தொடங்கினால் இருவருமே அழுகிறோம். அதனால் இதை எழுதி, ரொஷேலிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

போன ஈஸ்டருக்கு நீங்கள் அந்த நாற்பது ரேடியோப் பெட்டிகளையும் எங்கள் தொடர்மாடிக்குக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? ‘கூப்பிடு’வில் எழுதுவதைப் பெட்டி அனுப்பும், போன் கோபுரம் விழுந்தாலும் இது வேலை செய்யும், ஒரு பெட்டி சொன்னதை அடுத்த பெட்டி கேட்டு அதற்கடுத்ததற்குச் சொல்லும் என்று விளக்கினீர்கள். உங்கள் அண்ணா சிரித்தார். எங்கள் மாடிப்படியில் இந்த வேலை பெட்டி இல்லாமலே நடக்கிறதே தம்பி என்றார். ஆனால் அன்று முதல் கடலுக்குப் போகும்போதெல்லாம் பெட்டியைப் பொலித்தீனில் சுற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் போனார். தம்பி செய்த சாமான் என்று கண்ட கண்ட ஆளுக்கெல்லாம் காட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி உங்களுக்கு அரையும் குறையுமாகத்தான் தெரியும். களனி ஆறு ஏறிக்கொண்டே வந்தது. கரண்ட் இல்லை, போன் சிக்னலும் இல்லை. வத்தளைப் பக்கம் கூரையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் உங்கள் அண்ணா படகை எடுத்தார். நான் மறித்தேன். எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது, அவர்களுடைய வீடு அப்படியில்லையே என்றார். மூன்று தடவை போய்ப் பதினேழு பேரைக் கொண்டுவந்து இறக்கினார். நாலாம் தடவை தனியாகப் போனார்.

ஐந்தே முக்காலுக்கு நான் ‘எங்க நிக்கிறீங்க?’ என்று அனுப்பினேன். சரி அடையாளம் விழுந்தது. பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். மனுஷனுக்குக் கொழுப்பு என்று வாய்விட்டே திட்டினேன். என் பெட்டியை விட்டுச் செய்தி வெளியே போனாலே அந்த ஒற்றைச் சரி விழும், அவருக்குக் கிடைத்ததா என்பது அதற்குத் தெரியாது என்று நீங்கள் பிறகுதான் சொன்னீர்கள்.

ஆறு மணிக்குக் கீழ்மாடி டெரிக், கோயிலில் செபமாலை சொல்ல வைக்கிறவர், இருட்டில் எல்லோரும் பயந்து போயிருக்கிறார்கள் என்று செயலியிலேயே செபமாலையைத் தொடங்கினார். ஒவ்வொரு ‘அருள்நிறைந்த மரியே’ வரும்போதும் எல்லா வீட்டிலிருந்தும் ‘ஆமென்’ போனது. செபத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பது எங்கள் ஆட்களுக்கு வராது. ஐம்பத்து மூன்று மரியே, முப்பத்தொன்பது வீடு. அந்தக் குட்டிப் பெட்டிகள் ஒன்று பேசினால் மற்றது வாயை மூடிக் காத்திருக்க வேண்டும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? நானும் போட்டேன், தம்பி. அவர் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று ஒரு மரியேகூட விடாமல் ஆமென் போட்டேன்.

செபமாலை முடிந்து ஏழு இருபத்தைந்துக்கு அவருடைய செய்தி வந்தது. ‘மெஷின் நின்டுட்டு. முகத்துவாரப் பக்கம் இழுக்குது. கயிறோட ஆள் அனுப்பு.’ அனுப்பிய நேரம் ஆறு பத்து.

இறங்கி ஓடினேன். பக்கத்து வீட்டு நுஸ்கியும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றோடு படகில் போனார்கள். ஒன்றேகால் மணித்தியாலம் என்பது ஆற்றுக்கு எவ்வளவு நேரம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீங்களும் அந்தக் கரையில் வளர்ந்தவர். ஐந்தாம் நாள் அவருடைய படகு பமுனுகமப் பக்கம் கரை ஒதுங்கியது. அவர் இல்லை. இன்றைக்கு நாற்பத்தொரு நாள்.

டெரிக் வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதார். அவரில் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. உங்களிலும் இல்லை. யாரிலாவது கோபம் வந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், அதுவும் வரமாட்டேன் என்கிறது. கோயிலில் எல்லோரும் ஆமென் சொல்லும்போது எனக்கு மட்டும் வாய் திறப்பதில்லை.

ஆகவே என் பதிலை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தவர் பெட்டிக்குப் போய்ச் சேரும்வரை சரி அடையாளம் காட்டாதீர்கள். இன்னும் சேரவில்லை என்று கொட்டை எழுத்தில் போடுங்கள், என்னைப் போல அவசரக்காரிகளுக்கும் விளங்கட்டும். வழி நெரிசலாக இருந்தால் பொறுங்கள், இப்போது எழுதவேண்டாம் என்று செயலியே அதட்டவேண்டும். உயிர் போகிற செய்திக்குத் தனிப் பொத்தான் வையுங்கள், அது அமத்தப்பட்டால் செபம்கூட ஒதுங்கி நிற்கட்டும். மாதா கோபிக்கமாட்டாள்.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதத்தான் மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

அறுபது நாள் சத்தம் கேட்காத பெயர்களைப் புதிய செயலி தானாகப் பட்டியலிலிருந்து அழித்துவிடும் என்று உங்கள் அறிவித்தலில் இருக்கிறது. அது நான் கேட்டதுதான். வீடு மாறிப் போனவர்களின் பெயரெல்லாம் கிடந்து பட்டியல் குப்பையாக இருக்கிறது, கூட்டித் தள்ளுங்கள் என்று ஆகஸ்ட்டில் உங்களுக்கு எழுதினேன். இப்போது என் போனில், ரொஷேல் பெயருக்குக் கீழே, ‘றேமண்ட் – கடைசியாகக் கேட்டது 41 நாட்களுக்கு முன்’ என்று இருக்கிறது. இன்னும் பத்தொன்பது நாள்தான்.

ஃபாதர், இறந்தவர்களுக்கு வைக்கிற இளைப்பாற்றிப் பூசை வைப்போமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். உங்கள் அக்கா இமெல்டா கறுப்புச் சேலை வாங்கிக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்துவிட்டுப் போனார். நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்தே முக்காலுக்கு உங்கள் அண்ணாவுக்கு ஒரு வரி அனுப்புகிறேன். ரொஷேல் கணக்கில் எண்பத்தொன்று எடுத்தாள் என்று நேற்று எழுதினேன். சரி அடையாளம் விழுந்தது. அது பொய் என்று இப்போது எனக்குத் தெரியும். அந்தப் பொய்யைப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

ஊருக்கெல்லாம் திருத்திக் கொடுங்கள், தம்பி. இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக்கூடாது. உங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஆண்டவர் பலம் தரட்டும். என் போனில் மட்டும் பழையதையே விட்டுவிடுங்கள். பதினெட்டு வருஷத்தில் நான் கண்டுபிடித்த ஒரு பிழையை அப்படியே இருக்கட்டும் என்று கேட்பது இதுதான் முதல் தடவை.

உங்கள் அண்ணி,
பிலோமினா றேமண்ட்