ஈஸ்டர் கறி

ராயக்கோட்டை
10.3.2024

புஜ்ஜிக்கண்ணு,

அம்மா எழுதுகிறேன். என் போன் உடைந்துவிட்டது. அதை வைத்தே அப்பா என் வாயில் அடித்தார், முன்பல் ஒன்று போய்விட்டது. "உன் மவன் எங்கடி ஒளிஞ்சிருக்கான்?" என்று கேட்டுக் கேட்டு அடிக்கிறார். இதைத் தக்காளி மண்டி காத்தூன் அக்கா கையில் கொடுத்துவிடுகிறேன், லோடு இறக்கும் இடத்துக்கு நீ வந்து பார்ப்பாயாமே.

கம்பெனி வாசலில் டீ விற்றவர்தான் உன் அப்பா. முதல் தடவை ஊராட்சித் தலைவரானபோது குடிதண்ணீர்க் குழாய்க்குத் தானே இறங்கிப் பள்ளம் தோண்டினார். மூன்றாம் தடவையில் கையெழுத்துக்கு விலை வைத்தார். காசு வாங்கிக்கொண்டு அவர் அனுமதி கொடுத்த கம்பெனி ஷெட்டின் சுவர் விழுந்து மூன்று பெண்பிள்ளைகள் நசுங்கினார்கள். அவர் பேரம் பேசியதை நீ பதிவு செய்து லஞ்ச ஒழிப்புப் போலீசில் கொடுத்ததைத் தப்பென்று சொல்லமாட்டேன். சாட்சிக் கூண்டிலும் ஏறவேண்டுமா சாமி? எங்கே தங்கியிருக்கிறாய் என்றாவது எழுது.

அம்மா
மேரிராணி

ஓசூர்
16.3.2024

அம்மா,

மூக்கண்டப்பள்ளியில், ரேஷன் கடைக்கு மேலே ஓர் அறை. உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். சாட்சி சொல்வேன். செத்தவர்களில் முனிலட்சுமி என்னோடு படித்தவள். அவளைப் பெற்றவளுக்கே அவள் முகம் அடையாளம் தெரியவில்லை. நீ காத்தூன் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடு.

எட்சன்

ராயக்கோட்டை
24.11.2025

புஜ்ஜி,

வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரி கோர்ட்டில் அப்பாவுக்கு நாலு வருஷம் போட்டார்கள். நீ இல்லை, உன் பதிவு பேசியது. உன்னை வெட்டியவர்கள் யாரென்று தெரியாது என்றே அந்தக் கேஸ் கிடந்தது.

எனக்குத் தெரியும். போன வருஷம், நாற்பது நாள் தவக்காலம் கறி தொடாத பிள்ளை, ஈஸ்டருக்காவது வீட்டுக் கறி தின்னட்டும் என்று ஆக்கினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் காத்தூன் அக்கா மண்டிக்கு வரவில்லை. அப்பாவின் டிரைவர் கங்கப்பன், "எட்சன் எனக்கும் புள்ளதானுங்கக்கா, குடுங்க" என்றான். கேரியரைக் கொடுத்தேன். இடத்தையும் சொன்னேன்.

பிணவறையில் உன்னைக் காட்டினார்கள். கழுத்திலும் தோளிலும் பதினேழு வெட்டு. வலது கை தோலில் தொங்கியது. கழுவிவிடக்கூட என்னை விடவில்லை.

வெள்ளிக்கிழமை போலீஸ் வேனில் ஏறுமுன் அப்பா என் காதோரம் வந்தார். "நீ வாயத் தொறக்கமாட்ட ராணி. எடத்தச் சொன்னவளே நீதான?" என்றார்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன்.

"ஏம்மா, இத்தன நாளா ஏன் சொல்லல?" என்று அந்த இன்ஸ்பெக்டரம்மா கேட்டது.

"பையனக் காட்டிக்குடுத்தவன்னு ஊரு சொல்லுமேன்னு பயந்தனுங்க" என்றேன்.

நேற்றுக் கங்கப்பனை இழுத்துவந்தார்கள். நாலு அடி விழுந்ததும் கக்கிவிட்டான். "கேரியரப் பாத்ததும், 'அம்மா குடுத்துச்சா'ன்னு கீழ ஒக்காந்து தொறந்தாருங்க. அப்புறந்தான் அய்யா அனுப்புனவனுங்க உள்ள வந்தானுங்க" என்றான்.

அதற்குமேல் அவனுக்குத் தெரியவில்லை. ஒரு வாயாவது தின்றாயா, கண்ணு?

அம்மா