காதுக்குக் கீழே ஒரு குச்சி

பிப்ரவரி 10, திங்கள்

மாரிகுப்பம் ரயிலில் இன்றும் நின்றுகொண்டேதான் பெங்களூர் வந்தேன். வந்ததும் கையில் கொறடு. பிளாஸ்டிக்கை உருக்கி முழுப் பொருளாகவே அச்சடிக்கிற 3டி மெஷின் எங்களுடையது. அந்தரத்தில் அது அச்சடிக்காதாம். அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் அடியில் குச்சி குச்சியாக முட்டுக் கொடுக்கிறது. சப்போர்ட் என்கிறார்கள். அதை உடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் பிழைப்பு. இன்று நூற்றுப் பத்து மூடி. ராத்திரி சோறு பிசைய விரல் மடங்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

ஒரு மண்டை ஓடு வந்தது. யாரோ நோயாளியின் ஸ்கேனை வைத்து அச்சடித்தது. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் கையில் வைத்துப் பார்ப்பாராம். அடியெல்லாம் குச்சிக் காடு. ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் மளமளவென்று உடைத்துப் போட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் குப்பை டப்பாவைக் கொட்டப் போனால், ஒரு குச்சி மட்டும் வேறு மாதிரி. சப்போர்ட் எல்லாம் நேராக, ஒரே பருமனில் இருக்கும். இது அடியில் தடித்து, நுனியில் மெலிந்து, லேசாக வளைந்து இருந்தது. நேற்றைய மண்டை ஓட்டில் இருந்ததோ?

டிசைன் பார்க்கும் லாவண்யாவிடம் ஓடினேன். காதுக்குக் கீழே இருக்கும் எலும்பாம். எல்லாருக்கும் உண்டாம். இந்த ஆளுக்கு அது அளவுக்கு மீறி வளர்ந்து, எச்சில் விழுங்கினாலே தொண்டையில் குத்துகிறதாம். ஆபரேஷனே அதற்குத்தானாம்.

அத்தனை குச்சியில் அதையா உடைச்சு வெச்சேன்?

சூப்பர்வைசர் முகேஷ் பார்சலே கட்டிவிட்டார். "பசை போட்டு ஒட்டிடலாம் விடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவ்வளவு களைப்பு. ஆனால் கோணம் துளி மாறினாலும் டாக்டர் கத்தி எங்கே போகும்?

"வேணாம் சார். நான்தான் ஒடச்சேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

முகேஷ் பார்சலைப் பிரித்தார். "மறுபடி பிரிண்ட் போடறேன். ஞாயித்துக்கிழமை வந்து நீங்களே கிளீன் பண்ணுங்க. இன்னொரு தபா ஆச்சுன்னா வேற வேலை பாத்துக்குங்க."

பிப்ரவரி 14

ரயில் லேட். எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

லீவு நாளில் லாவண்யாவும் வந்திருந்தாள். மண்டை ஓட்டின் படத்தைத் தாளில் எடுத்து, அந்த எலும்பைச் சிவப்பில் வட்டமிட்டு, என் மேசையில் ஒட்டினாள். "தப்பு எங்களுதுதான், அக்கா. மூணு வருஷமா படமே காட்டாம ஒடைக்கச் சொல்லிட்டிருந்தோம்."

அழுகை வந்தது. எரிச்சலும்தான் - மூன்று வருஷம்.

ஒவ்வொரு குச்சியையும் படத்தோடு ஒத்துப் பார்த்து உடைத்தேன். மதியம் மூன்றானது.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆபரேஷன் நேற்றே முடிந்ததாம். டாக்டர் அனுப்பிய படத்தை லாவண்யா காட்டினாள். பச்சைத் துணியின் மேல் அந்த எலும்பு, பக்கத்தில் ஸ்கேல். நாலரை சென்டிமீட்டர். உடைந்த குச்சியை இன்னும் டிபன் பையில்தான் வைத்திருக்கிறேன். எடுத்து அளந்தேன். அதே நாலரை, அதே வளைவு.

டாக்டரும் அதை வெட்டித்தான் எடுத்திருக்கிறார். இரண்டு மணி நேரம் ஆனதாம்.

அந்த ஆள் இன்று இட்லி சாப்பிட்டாராம்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பங்காருபேட்டை வரைக்கும் எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.