பெட்ஷீட்டின் மறுமுனை

ஜூன் 12, இரவு

அன்புள்ள மாமா,

சிறையில் இருக்கிறவரிடம் நலமா என்று எப்படிக் கேட்பது? கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அப்பா இருமினால் அணைத்துவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். பதிலை உறையில் எழுதியிருக்கும் முகவரிக்கே அனுப்புங்கள். அது என் வகுப்புத் தோழி சோடாபுட்டியின் வீடு. கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குச் சுவரும் தெரியாது, ஆனால் ரகசியம் காப்பாள்.

நீங்கள் வாரப் பத்திரிகையில் எழுதும் 'நான்தான் கொன்றேன்' தொடரை அவள்தான் கொண்டுவந்து தருகிறாள். லாண்டரி முதலாளி எல்லார் முன்னாலும் உங்களை அறைந்தது, அன்று இரவு நீங்கள் இரும்புக் கம்பியை எடுத்தது, எல்லாம் படித்தேன். வாசகர் பக்கத்தில் ஓர் அம்மாள் எழுதியிருந்ததைப் பார்த்தீர்களா? "கொலை செய்த கையோடு ஓட்டல் பெட்ஷீட்டை எல்லாம் மடித்து அடுக்கினானாம்! என் வீட்டுக்காரர் எந்தக் கொலையும் செய்யாமலே ஒரு துண்டுகூட மடிப்பதில்லை." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு உங்கள் பதிலைப் படித்தேன்.

விடியற்காலையில் ஓட்டலுக்குக் கொண்டுபோக அப்பா வண்டியில் ஏற்ற வருவார், சரக்கு வாசலில் இல்லையென்றால் உள்ளே வந்து பார்ப்பார், அதனால் தனியாளாக மடித்து வாசலில் வைத்தேன் என்று அந்த அம்மாளுக்குப் பதில் எழுதியிருந்தீர்கள். மாமா, எனக்கு மடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். அவ்வளவு பெரிய பெட்ஷீட்டை ஒருவர் மடித்தால் மேஜைமேல் போட்டுத்தான் மடிக்க வேண்டும், நடுவில் சுருக்கம் விழும். இரண்டு பேர் இழுத்துப் பிடித்தால்தான் சுருக்கம் விழாது.

அன்று காலை அப்பா வண்டியில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அந்த அடுக்கின்மேல் தலை சாய்த்துத் தூங்கினேன். ஒரு சுருக்கமும் இல்லை. ஒவ்வொன்றிலும் கடைசி ஓரம் உள்ளே செருகியிருந்தது, கடித உறையை மூடுகிற மாதிரி. நீங்கள் அப்படிச் செருகமாட்டீர்கள்.

மறுமுனையைப் பிடித்தது யார், மாமா?

உங்கள்
வாலு


ஜூன் 20

என் செல்ல வாலுக்கு,

மாமாவின் முத்தம். உன் கடிதம் கண்டு அழுதேன், பிறகு உன் எழுத்துப் பிழைகளைக் கண்டு சிரித்தேன்.

இங்கே கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். உன் அதிர்ஷ்டம், வருகிற கடிதங்களைப் படிக்கிறவர் முதல் பக்கத்தோடு கொட்டாவி விட்டுவிடுகிறார். என் கடிதங்களை அனுப்புகிறவர் அப்படி இல்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்; இதை மட்டும் விடுதலையாகிப் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஆகவே இனிமேல் பள்ளிக்கூடம், பரீட்சை, சோடாபுட்டி, இதைப் பற்றி மட்டும் எழுது.

அன்று மறுமுனையை ஆணியில் மாட்டிக்கொண்டேன். அவ்வளவுதான். இதைச் சீக்கிரம் பத்திரிகையிலும் எழுதுகிறேன். நீதிபதி நம்பிவிட்டார், நீ நம்பமாட்டாயா?

அக்கா சாப்பிடுகிறாளா? அவளைத் தனியாக விடாதே.

அன்புடன்
மாமா


ஜூன் 29, இரவு

அன்புள்ள மாமா,

பரீட்சையில் கணக்கு மோசம், அறிவியல் பரவாயில்லை. சோடாபுட்டி புதுக் கண்ணாடி வாங்கிவிட்டாள். இப்போது நான் கறுப்பு என்று புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்கிறாள். இனி முதல் பக்கம் முடியும்வரை அவள் கண்ணாடியைப் பற்றித்தான். அது வட்டக் கண்ணாடி. அதற்குப் பழுப்பு நிறச் சட்டம். அதைத் துடைக்கத் தனியாக ஒரு துணி.

இது இரண்டாம் பக்கம்.

ஆணியில் மாட்டினால் துணி கிழியும். ஓட்டல்காரர் ஒரு நூல் பிரிந்தாலே திருப்பி அனுப்புவார் என்று நீங்களே சொல்வீர்கள். அதோடு, ஆணி எப்படி ஓரத்தைச் செருகும்?

எனக்கு அப்பாமேல் பயமாக இருக்கிறது. உங்கள் பேச்சை எடுத்தாலே, "அந்தப் பேச்ச இந்த வீட்ல எடுக்காத!" என்று கத்துகிறார். ஆனால் அதே பத்திரிகையை வண்டி சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். நான் எடுத்துப் பார்த்தேன். பெட்ஷீட் மடித்த இடத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

போன வாரம் சாப்பிடும்போது திடீரென்று கேட்டார்: "அன்னிக்கு ராத்திரி நீ முழிச்சிருந்தியா?"

"இல்லப்பா, தூங்கிட்டேன்."

"நடுவுல எழுந்திரிச்சியா? கதவு சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லப்பா."

"நெஜமா சொல்லு."

அம்மா குறுக்கே வந்து, "புள்ளைய சாப்பிட விடுங்க. சோத்த வெச்சிக்கிட்டு விசாரணையா?" என்றாள். அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து என் அறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன்.

யோசித்துப் பார்த்தேன். அன்று சாயங்காலம் அம்மா லாண்டரி வேலையிலிருந்து உங்களுக்கு முன்னாலேயே சீக்கிரம் வந்துவிட்டாள். காய்ச்சல் என்று சுருண்டு படுத்தாள். காலையில் பார்த்தால் மணிக்கட்டில் கட்டு, இஸ்திரி ஆவி பட்டதாம். அவள் எங்கே போயிருப்பாள்? வண்டியோடு வெளியே இருந்தது அப்பா மட்டும்தான்.

பத்திரிகை ஆசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன், கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. புதிதாக ஒரு சந்தேகம் கிளம்பினால் வழக்கை மறுபடி எடுக்கலாம் என்று உங்கள் வக்கீல் சொன்னாராமே? ஆனால் தனியாகச் செய்யப் பயம். ஞாயிற்றுக்கிழமை அப்பா வெளியூர் போகிறார். அன்றைக்கு அம்மாவிடம் சொல்லப்போகிறேன். அம்மா பார்த்துக்கொள்வாள்.

உங்கள்
வாலு


ஜூலை 5

வாலு,

இதை யார் படித்தாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன். உன் அப்பா தங்கமான மனுஷன். கோபக்காரர், ஆனால் ஓர் எறும்பை மிதித்தால்கூட இரண்டு நாள் வருத்தப்படுவார். அவரைச் சந்தேகப்படாதே. அவர் பக்கத்திலேயே இரு.

ஆசிரியருக்கு எதுவும் அனுப்பாதே.

அம்மாவிடம் சொல்லாதே. கையெடுத்துக் கும்பிடுகிறேன், அக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடாதே.

மாமா


ஜூலை 10, இரவு

அன்புள்ள மாமா,

முதல் பக்கத்தில் பள்ளி ஆண்டு விழாவைப் பற்றி எழுதிவிட்டேன். நான் மரமாக நிற்கிறேன். வசனம் இல்லை.

உங்கள் கடிதம் திங்கட்கிழமைதான் சோடாபுட்டி கையால் வந்தது. நான் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டேன்.

அம்மா துவைக்கும் கல்லருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். சோப்பு நுரை அவள் கையிலேயே காய்ந்துபோயிற்று. "அப்பாவப் போயா அப்படி நெனச்ச?" என்று மட்டும் கேட்டாள். குரல் கோபமாக இல்லை, களைத்துப்போயிருந்தது. பிறகு, "மாடி வீட்டம்மா குடுத்த பெரிய பெட்ஷீட் காஞ்சிருக்கும். வா, அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

நம் வீட்டில் அவ்வளவு பெரியது கிடையாது. அம்மாவோடு சேர்ந்து நான் மடித்ததே இல்லை. இழுத்துப் பிடித்தோம். முனையோடு முனை சேர்த்தோம். நான் நடந்துபோய் என் பக்கத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் இரண்டு தட்டு தட்டி, கடைசி ஓரத்தை உள்ளே செருகினாள்.

கடித உறையை மூடுகிற மாதிரி.

அவள் கை தன்பாட்டுக்குச் செய்தது, மாமா. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். செருகியதை மெதுவாக வெளியே இழுத்துவிட்டாள். மணிக்கட்டுத் தழும்பை மற்றக் கையால் மூடிக்கொண்டாள். அந்தத் தழும்பு ஆவி பட்ட மாதிரி இல்லை. யாரோ கையைப் பிடித்துச் சூடான இஸ்திரிப் பெட்டிமேல் அழுத்திய மாதிரி இருக்கிறது. முதலாளி என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

அப்பா ஏன் கோடு போட்டார், ஏன் கதவுச் சத்தத்தைக் கேட்டார் என்று இப்போது புரிகிறது. நான் தாழ்ப்பாள் போட்டதெல்லாம் தப்பான ஆளுக்கு.

ஆசிரியருக்கு எழுதியது இன்னும் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதை அனுப்பினால் நீங்கள் வருவீர்கள். அம்மா போய்விடுவாள். அனுப்பாவிட்டால் நீங்கள் வரவேமாட்டீர்கள். நான் என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுதுங்கள்.

அம்மா கூடத்தில் நடக்கிறாள். என் கதவுக்கு வெளியே வந்து நிற்கிறாள். டார்ச்சை அணைக்கிறேன்.

வாலு


ஜூலை 17

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் பதில் இன்னும் வரவில்லை. பரவாயில்லை, இனி வேண்டாம்.

இந்தக் கடிதம் ஒரே பக்கம்தான். விளக்கைப் போட்டுத்தான் எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் பாவாடைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருக்கிறாள். கணக்குப் புத்தகத்துக்குப் புது அட்டை போட்டுக்கொடுத்தாள். உள்ளே இருந்த வேண்டாத காகிதங்களை நானே எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் அவற்றைப் படிக்கவில்லை.

மாடி வீட்டம்மா இப்போது வாராவாரம் பெரிய பெட்ஷீட் கொடுக்கிறார். நாங்கள் இரண்டு பேரும்தான் மடிக்கிறோம். ஓரத்தை வெளியே விட்டுவிடுகிறோம்.

இந்த வாரத் தொடரைப் படித்தேன். மறுமுனையை ஆணியில் மாட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். வாசகர்கள் இன்னும் சந்தேகம் கேட்கிறார்கள். நான் கேட்கமாட்டேன். நம்புகிறேன், மாமா. ஆணிதான்.

தம்பி வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானா என்று கேட்டு எழுதச் சொல்கிறாள் அம்மா.

உங்கள் அக்காள் மகள்