உள்பக்கக் கைப்பிடி

மார்ச் 2

அன்புள்ள காதரசிக்கு,

நலம். உன் நலம் உன் பதிலில்தான் தெரிய வேண்டும். போன் வேண்டாம், எழுதுவோம் என்று நீ சொன்னது சரிதான். போனில் என் குரல் உனக்குக் கேட்கிறது. நான் சொல்வது கேட்பதில்லை. காதுப் பரிசோதனை செய்கிறவளிடம் இதைச் சொல்ல எனக்கு மட்டும்தான் தைரியம் உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பாவைக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

காலையில் சாவியைத் திருப்பினால் முன்பெல்லாம் நன்றாக இருமிவிட்டுக் கிளம்புவார். என் சித்தப்பா பேச்சை ஆரம்பிக்கும் முன் செருமுவது போலவே இருக்கிறது என்றுதானே நீ வண்டிக்கு அந்தப் பெயரை வைத்தாய். இப்போது செருமுகிறார். பேச்சு வருவதில்லை. மழை பெய்தால் கேன்வாஸ் கூரையின் தையல் வழியாகச் சொட்டுகிறது. என் பக்கம்தான். உன் இருக்கை காய்ந்தே இருக்கிறது.

போன வாரம் ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பரிசோதனை. முடித்து இறங்கினால் வண்டி கிளம்பவில்லை. காவலாளிகள் இருவர் தள்ளினார்கள். ஒருவர் சொன்னார்: “ஊர்ல இருக்கிற லிஃப்ட்டெல்லாம் நல்லா ஓடுதுன்னு கையெழுத்துப் போடுறீங்க. உங்க வண்டிக்கு யார் சார் போடுறது?”

புதியது ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஸ்போர்ட்ஸ் கார்தான், இரண்டே இருக்கை. சிவப்பு இல்லை, சாம்பல். கதவின் கைப்பிடி உள்ளே ஒளிந்திருக்கிறது. சாவியோடு அருகில் போனால் கை குலுக்க வருவது போல வெளியே நீள்கிறது. ஒர்க்‌ஷாப்காரர் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டார். சத்தம் போடாது, சட்டை கசங்காது, சின்னக் கீறலுக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என்கிறார்.

சித்தப்பா நம் இருவர் பேரிலும் இருப்பதால் விற்பனைத் தாளில் உன் கையெழுத்தும் வேண்டும். இணைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் போடு.

அன்புடன்,
லிஃப்ட்காரன்

*

மார்ச் 11

அன்புள்ள லிஃப்ட்காரனுக்கு,

கடிதத்தில் புது வண்டியின் கைப்பிடிக்கு ஒரு பத்தி. எனக்கு ஒரு வரி. நலமாக இருக்கிறேன். சளி இருந்தது, போய்விட்டது. நீ கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன்.

அறை சின்னது. ஒரு ஜன்னல், அதற்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் சுவர். ஆஸ்பத்திரியில் என் பரிசோதனை அறைக்கு ஜன்னலே இல்லை. கதவைச் சாத்தினால் தன் ரத்தம் ஓடுவது தனக்கே கேட்கும். பலர் பயந்துவிடுகிறார்கள். எனக்குப் பழகிவிட்டது.

காதரசி என்று நீ விடாமல் எழுதுவதைப் பார்த்துச் சிரித்தேன். கல்யாணத்துக்கு முன் நீ எழுதிய முதல் சீட்டில் ‘காதலரசி’ என்று எழுத வந்து ஒரு எழுத்தை விழுங்கிவிட்டாய். என் வேலைக்கு அது பொருந்தியும் விட்டது. நான் திருத்தவில்லை. சில பிழைகளை விட்டுவைத்தால் பெயராகிவிடுகின்றன.

ஒரு செய்தி. ஜூனோடு என் ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமாக இருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒரு கேள்வி. என் பக்கக் கதவைச் சரிசெய்துதான் விற்கப்போகிறாயா? வாங்குகிறவரிடம் அதைப் பற்றி என்ன சொல்வாய்?

தாளில் கையெழுத்துப் போடவில்லை. பேனா இல்லாமல் இல்லை.

காதரசி

*

மார்ச் 20

அன்புள்ள காதரசிக்கு,

கதவை ஏன் சரிசெய்ய வேண்டும்? உள்ளதைச் சொல்லித்தான் விற்கப்போகிறேன். ஒரு பல் டாக்டர் விசாரித்தார். பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அவருக்கு உயிராம். அவரிடம் சொன்னேன்: பக்கத்து இருக்கையின் கதவு உள்ளேயிருந்து திறக்காது, ஓட்டுகிறவர் இறங்கிச் சுற்றி வந்து திறந்துவிட வேண்டும். பதினோரு வருடமாக அப்படித்தான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் தொழிலைச் சொல்லியிருக்கக் கூடாது. உள்ளே மாட்டிக்கொண்ட ஆளால் வெளியே வர முடிகிறதா என்று ஊரெல்லாம் சோதிக்கிறவன் நான்.

முதலில் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அம்மா மட்டும் அதைப் பழுது என்று நம்பவே இல்லை. ஒருமுறை வாசலில் நின்று நான் உனக்குக் கதவு திறப்பதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள், நினைவிருக்கிறதா? “உங்கப்பா எனக்கு வீட்டுக் கதவையே திறந்துவிட்டதில்லை. இவன் யாரைக் கொண்டு பொறந்தானோ.” நீயும் நானும் அவள் நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

மாப்பிள்ளையை ஓட்டிப் பார்த்தேன். கடைப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே வந்தாள். எஞ்சின் சத்தம் போதவில்லை என்றால் ஸ்பீக்கர் வழியாகக் கூட்டிக்கொள்ளலாமாம். உனக்குப் பிடிக்காது. திரும்பி வந்து நிறுத்தியதும், நினைவில்லாமல் இறங்கிச் சுற்றிப் போய்விட்டேன். அவள் எப்போதோ இறங்கியிருந்தாள். கையை நீட்டியபடி நின்றேன். ஏதாவது கீழே விழுந்துவிட்டதா சார் என்று கேட்டாள்.

தாளை அனுப்பு.

அன்புடன்,
லிஃப்ட்காரன்

பி.கு.: நிரந்தர வேலை பற்றி எழுதியிருந்தாய். நல்ல ஆஸ்பத்திரிதானே?

*

ஏப்ரல் 3

அன்புள்ள லிஃப்ட்காரனுக்கு,

நல்ல ஆஸ்பத்திரிதான்.

இந்த வாரம் ஒரு பெரியவர் வந்தார். கூட மனைவி. “இவருக்குச் சுத்தமா கேக்காதும்மா. காதுகிட்ட போய்ச் சொன்னாத்தான் உண்டு” என்றார் அந்த அம்மா. பெரியவரை உள்ளே உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினேன். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று அறிவிப்பு வரும். எறும்பு நடக்கிற அளவு சத்தத்துக்கும் அழுத்தினார். என்னைவிட நன்றாகக் கேட்கிறது அவருக்கு.

நான் வாயைத் திறக்கும் முன் அவரே மெதுவாகச் சொன்னார்: “அவகிட்ட சொல்லிடாதம்மா. கேக்குதுன்னு தெரிஞ்சா அடுப்படியிலேருந்தே பேச ஆரம்பிச்சுடுவா. அப்புறம் பக்கத்துல வர மாட்டா.”

உள்ளதை உள்ளபடி எழுதி, மடித்து, அவர் கையில் கொடுத்தேன். அந்த அம்மாவிடம் வயதுக்கு இது பரவாயில்லை என்று சொன்னேன். அன்று முழுக்க அவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அதற்கு முன் ஒன்று. சித்தப்பாவில் நாம் இருவரும் கடைசியாகப் போய்வந்த நாளை நீ எழுது. உன் நினைவில் எப்படி இருக்கிறதோ அப்படி. அழகுபடுத்த வேண்டாம்.

காதரசி

*

ஏப்ரல் 14

அன்புள்ள காதரசிக்கு,

பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கிறது. எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. உன் தோழி வீட்டில் மதியச் சாப்பாடு. திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது சொன்னாய். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது, வருவதாகச் சொல்லிவிட்டேன் என்று. எனக்குச் சொல்லும் முன் அவர்களிடம் சொல்லியிருக்கிறாய். பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். வீட்டு வாசலில் நிறுத்தினேன். மாடிக்குப் போனேன். குளித்தேன். குளித்துவிட்டு வந்தபோது நீ சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். அழுகிறாயா, வெங்காயமா என்று தெரியவில்லை. கேட்கவில்லை. அடுத்த மாதம் கிளம்பினாய்.

இவ்வளவுதான். சரியா?

இங்கே ஒரு வேடிக்கை. பல் டாக்டர் மனைவியோடு வந்தார். நான் ஓட்ட, அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்தார். நிறுத்தியதும் வழக்கம்போல் இறங்கி, சுற்றி ஓடினேன். அவர் வெளியே நின்று புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தார். எப்படி இறங்கினீர்கள் என்றேன்.

“தள்ளினேன், திறந்துச்சு. இழுத்தா எப்படிங்க திறக்கும்?”

உள்பக்கக் கைப்பிடியை முன்பக்கமாகத் தள்ள வேண்டுமாம். யாரோ எப்போதோ மாற்றி மாட்டியிருக்கிறார்கள். பழுதே இல்லை. பதினோரு வருடம், இரண்டு படித்த முட்டாள்கள்! டாக்டர் சிரித்த சிரிப்பில் அவர் பல் அத்தனையும் எண்ணிவிட்டேன். உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். நீயும் சிரிப்பாய்.

தாள்?

லிஃப்ட்காரன்

*

ஏப்ரல் 25

அன்புள்ள லிஃப்ட்காரனுக்கு,

தாள் இதனுடன் இருக்கிறது. பெருக்கல் குறியின் மேலேயே போட்டிருக்கிறேன்.

முட்டாள் ஒருவர்தான்.

எனக்கு முதல் மாதமே தெரியும். பெட்ரோலுக்குப் பணம் கட்ட நீ உள்ளே போயிருந்தாய். சும்மா இருக்க முடியாமல் கைப்பிடியை ஆட்டிக்கொண்டிருந்தேன். தள்ளியதும் திறந்துகொண்டது. நீ வருவதற்குள் சாத்திவிட்டேன். வீட்டுக்கு வந்தோம். நீ இறங்கினாய், சுற்றி வந்தாய், வழியில் வண்டியின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினாய். நீ தட்டுவது உனக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் தட்டுவாய். தகரச் சத்தம். அடுத்து கதவு. அந்தத் தட்டு கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் சொல்லவில்லை. பெரியவரைப் பற்றி எழுதியபோது புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு. உன் கணக்கு சரிதான், ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. வாசலில் நிறுத்தினாய். மாடிக்குப் போனாய். நான் வண்டியில் இருந்தேன்.

தட்டு கேட்கவில்லை. மாடியில் கதவு சாத்துகிற சத்தம். பிறகு குழாய். தண்ணீர் வாளியில் விழும்போது முதலில் கனமாக இருக்கும், நிறைய நிறைய மெலியும். மெலிகிறவரை உட்கார்ந்திருந்தேன். பிறகு தள்ளிக்கொண்டு இறங்கினேன்.

நீ வராததில் எனக்கு வருத்தமில்லை. கோபம் வந்தால் யாரும் போவார்கள். உனக்குச் சொல்லும் முன் நான் அங்கே சொன்னதும் சரியில்லை. ஆனால் உள்ளேயிருந்து திறக்காத கதவு என்று நீ முழுசாக நம்பியிருந்தாய். அந்தக் கதவுக்குள் என்னை விட்டுவிட்டுப் போனாய். குளித்து வந்து பார்த்தால் நான் சமையலறையில் நிற்கிறேன்.

எப்படி இறங்கினாய் என்று நீ கேட்கவே இல்லை.

அன்றும் கேட்கவில்லை. கிளம்புகிற வரைக்கும் கேட்கவில்லை. பல் டாக்டர் மனைவியிடம் உடனே கேட்டிருக்கிறாய்.

மாப்பிள்ளையை வாங்கிக்கொள். நல்ல வண்டி. அதில் யாரும் யாருக்காகவும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

காதரசி

*

மே 9

அன்புள்ள காதரசிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நான் விட்ட வரியை என்னால் நிரப்ப முடியவில்லை. அன்று நீ வண்டியில் இருக்கிறாய் என்பதே எனக்குத் தோன்றவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மறக்க முதலில் நினைத்திருக்க வேண்டும்.

சித்தப்பா போய்விட்டார். கொடுப்பதற்கு முந்தைய நாள் காலை உன் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். கைப்பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. தள்ளிப் பார்க்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் நம் வீட்டு மாடி ஜன்னல் இவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கீழ்வீட்டு அக்கா குப்பை போட வந்தவர் குனிந்து பார்த்தார்.

“என்ன தம்பி, மாட்டிக்கிட்டீங்களா?”

“இல்லக்கா. சும்மாதான்.”

நம்பவில்லை. வெளியேயிருந்து திறந்துவிட்டுப் போனார். கையைப் பிடித்து யாரோ வெளியே எடுத்தது போல இருந்தது.

மாப்பிள்ளை இப்போது வாசலில் நிற்கிறது. பக்கத்து இருக்கை காலி என்று அதற்கே தெரிகிறது. அந்தப் பக்கத்து ஏசிக் காற்றைத் தானே நிறுத்திவிடுகிறது. மூக்கில் தட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. பிளாஸ்டிக்.

ஜூனில் நான் அங்கே வரட்டுமா? உன்னை அழைத்துவர. இதன் கதவு உள்ளேயிருந்தே திறக்கும், தெரியும். இருந்தாலும் சுற்றி வருவேன்.

இன்னொன்று. பதில் தெரிந்த கேள்விதான். எழுதிவிட்டாய். ஆனாலும் நான் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அன்று நீ எப்படி இறங்கினாய்?

லிஃப்ட்காரன்

*

மே 17

அன்புள்ள லிஃப்ட்காரனுக்கு,

கேட்டதற்கு நன்றி. உண்மையாகவே.

தள்ளித்தான்.

இங்கேயே இருக்கிறேன் என்று ஆஸ்பத்திரிக்குப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் கடிதம் அதற்கு அடுத்த நாள் வந்தது. முன்னால் வந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். ஜூனில் வர வேண்டாம்.

இழுத்தது போதும்.

காதரசி