அப்பா குனிந்த விதம்

மார்ச் 4
அப்பாவின் ஸ்கேன் வந்துவிட்டது. கீழ் முதுகில் தேய்மானம். எல்4, எல்5 என்று பஸ் நம்பர் மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஐம்பத்திரண்டு வயதில் சகஜமாம். தேய்ந்தது திரும்ப வளராதாம். மானம்கூடப் போகும், தேய்மானம் போகாது போல என்றேன். அப்பா சிரித்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது. அம்மா என் மண்டையில் ஒன்று வைத்தாள்.

மார்ச் 9
கிடங்கில் ஐம்பது தாண்டிய சுமைக்காரர்களுக்கு வருஷா வருஷம் உடல் தகுதிப் பரிசோதனை. வருகிற பன்னிரண்டாம் தேதி. தோற்றால் வேலை போச்சு என்கிறார் அப்பா. இருபத்தாறு வருஷம் மூட்டை தூக்கியவர், இன்று விழுந்த சோப்பை எடுக்க அம்மாவைக் கூப்பிட்டார்.

இத்தனை டீச்சர்களை ஏமாற்றியவள் நான். ஒரு டாக்டர் எம்மாத்திரம்?

மார்ச் 10
குனிந்து தரையைத் தொடச் சொல்வார்களாம். அப்பாவுக்குப் பயிற்சி. தொளதொள பேண்ட்டுக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டால் இடுப்பு வளைவது போலவே தெரியும், கையும் தரையைத் தொடும். வலித்தால் முகம் சுளிக்கக் கூடாது, கொட்டாவி விட வேண்டும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் 12
பாஸ்! முழுத் தகுதியாம். ஆடித் தீர்த்தேன்.

ஏப்ரல் 2
அப்பாவுக்கு இடது தொடையிலிருந்து வலி கரண்ட் மாதிரி இறங்குதாம், அப்புறம் பாதமே மரத்துப்போகுதாம். மாத்திரை போட்டுக்கொண்டு போகிறார்.

ஏப்ரல் 6
கிடங்கிலிருந்து மொட்டை மாமா வந்தார். அதே பரிசோதனையில் தோற்றவர். வீட்டுக்கு அனுப்பவில்லையாம். தோற்றவர்களை ரசீது பார்க்கும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்களாம், இந்த வருஷம்தான் புதிதாக.

"உனக்கும் ஒரு நாற்காலி போட்டு வெச்சிருந்தாங்க. நீதான் சர்க்கஸ் காட்டிட்டு வந்துட்டியே."

அப்பாவிடம் கிண்டலாகத்தான் சொன்னார். நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 7
அப்பா போய்க் கேட்டார். நாற்காலி நிரம்பிவிட்டதாம். முழுத் தகுதி உள்ளவருக்கு அடுத்த மார்ச் வரை மூட்டைதானாம். ஸ்கேனைக் காட்டவும் முடியாது. அதில் மார்ச் நாலு என்று தேதி இருக்கிறது. ஏமாற்றியது தெரிந்தால் இருக்கிற வேலையும் போய்விடும்.

நான் வந்து உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"விடும்மா. நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்த."

திட்டித் தொலைச்சிருக்கலாம்ல?

ஏப்ரல் 8
காலையில் ஷூ லேஸை நான் கட்டிவிட்டேன். வலது கால். பிறகு இடது கால். முடித்துவிட்டு எழுந்தேன். அப்பா கீழே குனிந்து பார்க்க முடியாமல் சுவரைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"இடது கால்லயும் கட்டிரும்மா, நேரமாச்சு" என்றார்.