நாத்தனார் புடவையில் ஒரு சூரியன்

ஞாயிறு, இரவு

போன வாரம் சர்ச் வாசலில், நாலு பேர் நடுவில், என் நாத்தனார் என் முந்தானையைப் பிடித்துப் பார்த்தாள். "இது நான் கட்டி சலிச்சுப்போய் உனக்குக் குடுத்த பட்டுதானே? உனக்கு நல்லாத்தான் கீது" என்றாள். நான் சிரித்து வைத்தேன்.

ஹால் சுவருக்குத் துணிப்படம் செய்ய வேண்டும் என்று என் மகள் ஜெனி, பத்தாவது படிக்கிறவள், ஒரு மாதமாகத் துணி கேட்டுக்கொண்டிருந்தாள். இன்று மதியம் அந்தப் பட்டுப் புடவையை அவள் முன்னால் போட்டேன்.

"நெசமாவே வெட்டலாமா?"

முதல் வெட்டை நானே வெட்டினேன். கத்தரிக்கோல் சத்தம் இனித்தது.

அட்டையில் மலையும் வயலும் ஒட்டினாள். டீக்கறை இருந்த துண்டை மட்டும் ஒதுக்கி வைத்தாள். புடவையோடு வந்த கறை அது. இரண்டு வருடமாகக் கொசுவத்துக்குள் மறைத்துக் கட்டினேன்.

"அத வட்டமா வெட்டு. நடுவுல சூரியனா ஒட்டு."

"அத்தை கேட்டா இன்னாம்மா சொல்றது?"

"உங்க புடவைதான் அத்தை, நல்லாத்தான் கீதுன்னு சொல்லு."

புதன்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். நாத்தனார் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு எதிரே ஆணி அடித்துப் படத்தை மாட்டிவிட்டேன். அதில் உட்கார்ந்தும் பார்த்தேன். கறை சரியாகக் கண்ணுக்கு நேரே வருகிறது.