மலைக்காவலன் கட்சி, படகோட்டி கட்சி

மார்ச் 9, ஞாயிறு

மகள் தன் அப்பா வீட்டிலிருந்து மாலையில் திரும்பினாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். "மலைக்காவலனை விட படகோட்டிதான் ஒசத்தின்னு சித்தி சொல்றாங்கம்மா. நான் ஒத்துக்கவே இல்லை. பெரிய சண்டை!"

சித்தி. போன மாதம் வரை 'அவங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். என் இடத்துக்கு வந்தவள் எப்போது சித்தி ஆனாள்? யாரைக் கேட்டு?

சனிக்கிழமைதோறும் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து இரண்டு தொடர் பார்க்கிறார்களாம். மலைக்காவலன் சீனத்து மாயக் காதல், படகோட்டி கொரியாவினுடையது. இரண்டுமே போன பிறவி விவகாரம். எது உசத்தி என்று ஆராய்ச்சி வேறு. பதினாறு வயதுப் பெண்ணுக்குச் சரி. அந்த அம்மாளுக்கு?

"சாப்பிட வா" என்றேன்.

மார்ச் 12, புதன்

நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் மத்தியானம் கூட்டமில்லை. கண் பரிசோதிக்கும் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸ் பெட்டியில் போனைச் சாய்த்துவைத்து மலைக்காவலனைப் பார்க்கத் தொடங்கினேன். சும்மாதான். அப்படி என்னதான் இருக்கிறதென்று பார்க்க.

லென்ஸ் அறுக்கும் அண்ணன் எட்டிப் பார்த்தார். "இருட்டுல யாருக்கும்மா டெஸ்ட்?"

"எனக்குத்தான்" என்றேன்.

மார்ச் 15, சனி

இந்நேரம் போர்வைக்குள் இருப்பார்கள்.

மார்ச் 20, வியாழன்

இரண்டிலும் பாதி தாண்டிவிட்டேன். எழுதினால்தான் மண்டை தெளியும்.

மலைக்காவலனுக்குச் சாவு கிடையாது. அவன் காதலிக்கிற மூலிகைக்காரி செத்துச் செத்துப் பிறக்கிறாள்; ஒவ்வொரு தடவையும் அவனை மறந்துபோகிறாள். படகோட்டி கதை இதற்குத் தலைகீழ். செத்தவர்களை அக்கரை சேர்க்கிற அவனுக்கு எதுவும் நினைவில்லை. போன பிறவி மனைவிக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

மகள் மலைக்காவலன் கட்சி. ஆனால் அவன் அழுவதற்கு மலை, பனி, புல்லாங்குழல் என்று எல்லாம் இருக்கிறது. படகோட்டியின் மனைவி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். எதிரே அவனே வந்து நின்று, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்கிறான். எனக்கு அதுதான் வலித்தது. அப்படியானால் நான் யார் கட்சி? அந்த அம்மாள் கட்சியா? சீ.

இரண்டிலும் இன்னொருத்தி இருக்கிறாள். படகோட்டி கதையில் துறையில் விளக்கேற்றுகிறவள். ஆசையை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பாள். மலைக்கதையில் பனிப்பெண். அவள் நிற்க மாட்டாள், மூலிகைக்காரியின் கஷாயத்தில் மறதியைக் கலந்துவிடுவாள். பார்க்கிறவர்கள் எல்லாம் அவளைத் திட்டுவார்கள். நானோ, கலக்குடி, நல்லா கலக்கு என்கிறேன்.

முதலில் வந்தவள் நான்தானே? பின்னே ஏன் இந்தப் பனிப்பெண் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன்?

மார்ச் 28, வெள்ளி

செய்துவிட்டேன்.

நாளைக்கு மலைக்காவலன் கடைசிப் பகுதியைப் பார்க்கப்போகிறோம் என்று மகள் குதித்துக்கொண்டிருந்தாள். "சித்தி பாப்கார்ன் பொரிக்கறாங்களாம்."

தட்டைக் கழுவியபடியே சொன்னேன். "மூலிகைக்காரிக்கு எல்லாம் ஞாபகம் வந்துரும். அதுக்கு விலையா அவன் தன்னோட ஞாபகத்தைக் குடுத்துருவான்."

குழாயை மூடிவிட்டுத் திரும்பினேன். முகம் செத்துப்போய் நின்றிருந்தாள்.

"நீ பாத்தியா?"

கழுவின தட்டைத் துணியால் துடைக்க ஆரம்பித்தேன்.

"வேணும்னேதானேம்மா சொன்னே?"

 

மார்ச் 30, ஞாயிறு

வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கே என்ன நடந்தது, அழுதாளா, அந்த அம்மாள் மடியில் படுத்து அழுதாளா—கேட்க எனக்கு முகமில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று கடைக்கு அந்த அம்மாள் வந்தாள். தனியாக.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "தலைவலிக்குதுக்கா. டிவியில கீழ ஓடுற எழுத்தெல்லாம் மங்கலா இருக்கு" என்றாள். அக்கா! என்ன செய்வது, வேலை. உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தேன். லென்ஸ் போடுகிற சோதனைச் சட்டத்தை அவள் காதில் மாட்டினேன். நெற்றியில் சின்னப் பொட்டு, கன்னத்தில் பரு வந்து போன தழும்பு. இவ்வளவு கிட்டத்தில் அவளைப் பார்த்ததே இல்லை.

லென்ஸை மாற்றிப் போட்டுக் கேட்டேன். "எது நல்லாத் தெரியுது? முதல்ல போட்டதா, ரெண்டாவதா?"

"ரெண்டாவதுதான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். நாற்காலியில் நெளிந்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"இத்தனை நாள் எப்படிப் பாத்தீங்க?" என்றேன்.

"அவதான் எனக்குப் படிச்சுக் காட்டுவா. ஆம்பளை பேசுனா ஆம்பளைக் குரல், கிழவி பேசுனா கிழவிக் குரல்."

என் மகள் எனக்குக் கடைசியாகப் படித்துக் காட்டியது தண்ணீர் வராது என்கிற அறிவிப்பு.

அவளே மெதுவாகச் சொன்னாள்: "முடிவைச் சொல்லிட்டீங்கன்னு ரொம்ப அழுதா. நானும் திருட்டுத்தனமா முன்னாடியே பாத்துட்டேன்க்கா. எழுத்து தெரியலை, வெறும் படம்தான். கடைசியில பனிப்பெண் செத்துட்டாதானே?"

"சாகலை. வேற மலைக்குப் போயிட்டா."

"அப்படியா?" சட்டத்தைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாள். "பாவம், செத்துட்டான்னு நான் அவளுக்காக அழுதேன்."

ஏப்ரல் 4, வெள்ளி

அவள் லென்ஸை இன்றைக்கே அறுத்துக் கொடுக்கச் சொன்னேன். "உனக்குச் சொந்தமாம்மா? இவ்வளவு அவசரப்படறே. நல்ல மனசு" என்றார் அண்ணன்.

நல்ல மனசாவது! நாளைக்குச் சனிக்கிழமை. கண்ணாடி இருந்தால் என் மகள் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகள் வாயைத் திறந்தாள், ஒருவழியாக. "கண்ணாடி சூப்பரா இருக்காம். ஆனாலும் நான்தான் படிக்கணுமாம். நான் படிச்சாத்தான் அவங்களுக்கு அழுகையே வருதாம்."

வயிறு எரிந்தது. எழுதும்போதும் எரிகிறது.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்புதான்" என்றேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டாள்.

ஏப்ரல் 17, வியாழன்

மூக்கில் அழுத்துகிறது என்று அவள் மறுபடி வந்தாள். சரிசெய்ய இரண்டு நிமிட வேலை. விளக்கேற்றுகிறவள் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டுமா, கூடாதா என்று பேசிப் பேசி என் சாப்பாட்டு நேரம் போயேவிட்டது. சொல்லக்கூடாது என்கிறாள். சொல்லாமல் புழுங்குவது எப்படியிருக்கும் என்று இவளுக்கு என்ன தெரியும்?

தெரியுமோ என்னவோ.

மே 4, ஞாயிறு

மாலை போன் வந்தது. "அக்கா, படகோட்டி முடிவு பாத்துட்டீங்களா? அவன் பொண்டாட்டி போய் அவனை மன்னிச்சிட்டாளே!"

"அது மன்னிப்பா? அலுத்துப்போயி விட்டுட்டா. ரெண்டும் ஒண்ணா?" என்றேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை.

மகள் கதவருகே வந்து நின்றாள். "யாரும்மா?"

"சித்தி."

கையை நீட்டினாள். "குடு."

"உனக்கில்லை. என்கிட்டதான் பேசறாங்க."

"நீங்க ரெண்டு பேரும் எப்பலேர்ந்து பேசிக்கறீங்க? முடிவு வரைக்கும் பாத்துட்டீங்களா? நான் இல்லாமலா?" அறைக்குள் போய்க் கதவை அறைந்தாள்.

போனில் அவள் பயந்துபோய், "கோவிச்சுக்கிட்டாளா?" என்றாள்.

"வருவா. வைக்காதீங்க" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. என் பக்கம் பார்க்காமலே வந்து, கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஸ்பீக்கர்ல போடு. முடிவை மட்டும் ரெண்டு பேரும் சொல்லக் கூடாது" என்றாள்.